அடித்து வாங்கிய உண்மை

1937 ஜனவரி. மாஸ்கோ நீதிமன்றத்தில் யூரி பியத்தக்கோவ் தம் மீதே குற்றங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் லெனின் காலத்துப் புரட்சியாளர். கைதாகும்வரை சோவியத் கனரகத் தொழில்துறையின் துணை ஆணையராக இருந்தவர். 1935 டிசம்பரில் அரசு வேலையாகப் பெர்லின் போயிருந்தபோது, அங்கிருந்து ரகசியமாக விமானத்தில் நார்வே சென்றதாகச் சொன்னார். ஆஸ்லோ அருகே இறங்கி, அப்போது அந்த நாட்டில் அடைக்கலம் பெற்றிருந்த, ஸ்டாலினின் எதிரியான ட்ராட்ஸ்கியைச் சந்தித்து, சோவியத் அரசைக் கவிழ்க்கும் திட்டத்துக்கு அவரிடம் கட்டளை வாங்கிவந்ததாகவும் சொன்னார். வாக்குமூலம் தெளிவாக இருந்தது. இறங்கிய நேரம், கார் ஓடிய நேரம், பேச்சு நீண்ட நேரம் எல்லாம் அதில் இருந்தன.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நார்வே பத்திரிகைகள் விசாரிக்கத் தொடங்கின. ஆஸ்லோவுக்கு அருகே இருந்த விமான நிலையம் ஷெல்லர். அங்கே வந்துபோகும் ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவு உண்டு. 1935 செப்டம்பர் முதல் 1936 மே வரை அங்கே ஒரு வெளிநாட்டு விமானம்கூட இறங்கவில்லை என்று நிலைய அதிகாரி தெரிவித்ததை ‘ஆர்பைடர்பிளாடெட்’ நாளிதழ் ஜனவரி 29 அன்று வெளியிட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் விஷின்ஸ்கிக்கு இந்தச் சிக்கல் முன்பே எட்டியிருந்தது. அவர் நீதிமன்றத்தில் ஒரு கடிதத்தைத் தாக்கல் செய்தார். ஷெல்லர் நிலையம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டு விமானங்களை ஏற்கும். குளிர்காலத்திலும் அங்கே இறங்க முடியும் என்றது கடிதம். விமானம் வந்ததா என்பது கேள்வி. வர முடியும் என்பது பதில். நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஜனவரி 30 அன்று பியத்தக்கோவ் உள்ளிட்ட பதின்மூன்று பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அச்சத்தில் வாழ்ந்த சோவியத் குடிமக்கள் இதை நம்பினார்கள், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள் என்றால் வியப்பில்லை. ஆனால் வழக்கை நேரில் பார்த்த அமெரிக்கத் தூதர் ஜோசஃப் டேவிஸுக்கு யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. அவரும் சதி நிரூபிக்கப்பட்டதாகவே தம் அரசுக்கு எழுதினார். பிறகு அவர் வெளியிட்ட புத்தகத்தை வைத்து 1943-இல் ஹாலிவுட்டில் படமே எடுத்தார்கள். சோவியத் உச்ச நீதிமன்றம் பியத்தக்கோவைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 1988-இல். இடைப்பட்ட ஐம்பத்தொரு ஆண்டுகள், ஒரு பெரிய நாட்டின் நீதிமன்றப் பதிவில், இறங்காத விமானம் இறங்கியதாகவே இருந்தது.

அதிகாரமும் வன்முறையும் சேர்ந்து எது உண்மை என்பதைத் தீர்மானிக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று உடனே சொல்லிவிடுவது எளிது. விமானம் இறங்கவில்லை, அதை எந்தப் போலீசாலும் இறக்க முடியாது. ஆனால் எது உண்மையாகக் கொள்ளப்படும், எதன் பேரில் ஒருவர் சிறைக்கோ தூக்குக்கோ போவார் என்பது வேறு கேள்வி. வன்முறையால் நடந்ததை மாற்ற முடியாது, காகிதத்தை உண்டாக்க முடியும். அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சான்று பற்றிய சட்டம் முடிவு செய்கிறது. அதிகாரம் உண்மைக்குள் நுழையும் வாசல் அங்கேதான் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, போலீஸ் நிலையத்து ஒப்புதல் வாக்குமூலத்தின் வரலாறு நல்ல வழிகாட்டி. அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது.

வாக்குமூலம் ஏன் தேவைப்பட்டது?

இடைக்கால ஐரோப்பாவில் சந்தேகத்துக்கு உரியவரைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்க வைத்தோ நீரில் அமிழ்த்தியோ கடவுளிடமே தீர்ப்புக் கேட்டார்கள். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் இந்தச் சோதனைகளில் பாதிரியார்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்தது. கடவுள் விலகியதும், மனித நீதிபதி தவறாகத் தீர்ப்பளித்துவிடக் கூடாதே என்ற கவலை எழுந்தது. எனவே கடுமையான விதி ஒன்று வந்தது: மரண தண்டனைக் குற்றத்துக்கு நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது குற்றஞ்சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். சூழ்நிலைச் சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் போதாது.

குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காக்கும் விதியாகத் தோன்றும் இதுதான் சித்திரவதைக்குச் சட்ட அந்தஸ்தைக் கொடுத்தது. கொலையை இரண்டு பேர் பார்க்கும்படி செய்பவர் குறைவு. ஆகவே வழக்கு முடிய ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு வலி வேண்டும். 1252-இல் போப் நான்காம் இன்னொசென்ட், மதத் துரோக விசாரணைகளில் சித்திரவதையை அனுமதித்தார்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையை உள்ளிருந்தே பார்த்தவர் ஃப்ரெட்ரிக் ஷ்பே என்ற யேசு சபைப் பாதிரியார். சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்ட பெண்களிடம் கடைசி நேரத்தில் பாவ அறிக்கை கேட்கும் பணி அவருக்கு. 1631-இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில் அவர் காட்டிய தர்க்கம் இது: வலி தாங்காமல் ஒப்புக்கொண்டால் அவள் சூனியக்காரி. வலியைத் தாங்கி மௌனமாக இருந்தால், பிசாசு அவளுக்குத் தாங்கும் சக்தி கொடுத்திருக்கிறது. ஆகவே அப்போதும் அவள் சூனியக்காரி. எந்த விடை வந்தாலும் ஒரே முடிவைத் தரும் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்பதை, நவீன அறிவியல் முறை வேரூன்றும் முன்பே அவர் கண்டுகொண்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரஷ்யா தொடங்கி ஐரோப்பிய அரசுகள் ஒவ்வொன்றாகச் சித்திரவதையைக் கைவிட்டன. பெக்காரியா போன்ற சிந்தனையாளர்களின் அறச்சீற்றமே அதற்குக் காரணம் என்பது பொதுவான கதை. சட்ட வரலாற்றாசிரியர் ஜான் லாங்பெயின் 1977-இல் எழுதிய நூலில் வேறொரு காரணத்தை முன்வைத்தார். அதற்குள் நீதிமன்றங்கள் சூழ்நிலைச் சான்றின் பேரில் சற்றுக் குறைந்த தண்டனைகளை வழங்கத் தொடங்கியிருந்தன. ஒப்புதல் இல்லாமலேயே வழக்கை முடிக்க வழி பிறந்ததால் சித்திரவதையின் தேவை சுருங்கியது. மனசாட்சிக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எது சான்றாகும் என்ற விதி மாறும்போது, யார் அடிவாங்குவார் என்பதும் மாறுகிறது என்பதை மறுக்க முடியாது.

சென்னை, 1855

1854 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் ஒரு விவாதம் நடந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க ரயத்துகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக் கிளம்பியது. கிழக்கிந்தியக் கம்பெனி வேறு வழியின்றி மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தது: எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். நூற்றுக்கணக்கானோர் நேரில் வந்து முறையிட்டார்கள். மேலும் பலர் எழுதி அனுப்பினார்கள். 1855-இல் வந்த அறிக்கை, சித்திரவதை மாகாணம் முழுவதும் பரவியிருந்ததை ஒப்புக்கொண்டது.

அதில் பதிவான முறைகளின் பெயர்கள் தமிழ் வாசகருக்குப் புதியவை அல்ல. விரல்களையும் உடலின் மென்மையான இடங்களையும் மரச்சட்டத்துக்கு இடையே நசுக்கும் கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்த நிலையில் மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். கண்ணில் மிளகாய்த் தூள். வரி பாக்கிக்கும் இவைதான், திருட்டு விசாரணைக்கும் இவைதான். ஏனென்றால் வரி வசூலிப்பவரும் போலீஸ் வேலை பார்ப்பவரும் ஒரே ஆள். தாசில்தார் இரண்டு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தார்.

அறிக்கை எங்கே பேசியது என்பதைப் போலவே, எங்கே மௌனமானது என்பதும் கவனிக்கத்தக்கது. குற்றம் செய்தவர்கள் சுதேசிக் கீழ்நிலைச் சிப்பந்திகள். ஐரோப்பிய அதிகாரிகளை மக்கள் பாதுகாவலர்களாகவே பார்க்கிறார்கள் என்று அது முடித்தது. அடி கொடுத்தவர் சேவகர்தான். அவர் நிறைவேற்ற வேண்டிய வரித்தொகையை நிர்ணயித்தவர் யார் என்ற கேள்வியைக் குழு எட்டத்திலேயே நிறுத்திவிட்டது. அதிகாரத்தைப் பற்றிய உண்மையை அதிகாரமே தேடப் போகும்போது, தேடல் எந்தப் படியில் நிற்கும் என்பதும் முன்கூட்டியே ஓரளவு முடிவாகிவிடுகிறது.

இருந்தாலும் அந்த அறிக்கை வீண் போகவில்லை. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையும் போலீசும் பிரிந்தன. 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவாகியது. அடித்துப் பெற்றதா, அன்பாகப் பெற்றதா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. போலீசிடம் சொன்ன ஒப்புதல் என்றால் செல்லாது. இங்கிலாந்தில் அவ்வளவு முழுமையான தடை இல்லை. ஆளும் நாடு தன் போலீசிடம் காட்டிய நம்பிக்கையை, ஆளப்பட்ட நாட்டில் தானே நியமித்த போலீசிடம் காட்டவில்லை.

சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் பின்னாளில் எழுதிய நூலில் ஓர் உரையாடலைக் குறிப்பிடுகிறார். கைதிகளைப் போலீஸ் ஏன் வதைக்கிறது என்ற பேச்சு வந்தபோது, அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் சோம்பலே பெரிய காரணம் என்றாராம். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சுகமான வேலை என்பது அவர் விளக்கம். இதில் குரூரம் பற்றிய பேச்சே இல்லை, வேலைப்பளு பற்றிய பேச்சு மட்டுமே இருக்கிறது. புலனாய்வு என்ற உழைப்புக்கு மாற்றாக வலி பயன்பட்டது. அந்த மாற்று எடுபடாது என்று ஆக்கிவிட்டால், ஒருவேளை வெயிலில் இறங்கித் தேடுவார்கள் என்பது 25-ஆம் பிரிவின் கணக்கு.

ஈட்டி கிடைத்தது, வாக்கியம் நீங்கியது

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதேனும் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சான்றாக ஏற்கலாம் என்றது 27-ஆம் பிரிவு. எந்தப் பகுதி தொடர்புள்ளது? புலுகூரி கோட்டையா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துவைத்தது. சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் நடந்த கொலை வழக்கு அது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர், தாம் ஈட்டியால் குத்தியதாகவும், ஈட்டியை ஊரில் ஒளித்து வைத்திருப்பதாகவும், இடத்தைக் காட்டுவதாகவும் போலீசிடம் சொன்னதாகப் பதிவு. ஒளித்ததும் காட்டுவதும் ஏற்கப்படும். குத்தியதாகச் சொன்ன வாக்கியத்தை நீக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இன்றும் இந்திய நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டும் முடிவு இது.

சட்டப் புத்தகத்தின் உலர்ந்த நடையில் எழுதப்பட்டிருந்தாலும், உண்மை பற்றிய கூர்மையான ஒரு நிலைப்பாடு இதற்குள் இருக்கிறது. பூட்டிய அறையில் ஒரு வாய் பேசியதை நம்ப வேண்டாம். அறைக்கு வெளியே மண்ணில் கிடந்த இரும்பை நம்பு. அந்த இரும்பு எந்த அளவுக்கு வாயை உறுதி செய்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் வாயையும் நம்பு.

விதி நுட்பமானது. அதைச் சுற்றி வளர்ந்த நடைமுறை அதைவிட நுட்பமானது. இரும்பைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் மகஜரை எழுதுவதும் போலீஸ்தானே? கத்தி எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அல்லது கத்தியையே கொண்டுவந்து வைத்துவிட்டு, கைதி காட்டிக் கொடுத்ததாக எழுதிவிட முடியும். மகஜரில் கையெழுத்திடும் சாட்சிகள் பிறழ்வதும், அவர்கள் போலீசுக்கு வழக்கமாக உதவுகிற ஆட்களாக இருப்பதும் குற்றவியல் வழக்கறிஞர்கள் அன்றாடம் பார்ப்பவை. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. கொலைசெய்தவர் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய், அவரிடம் மனம்விட்டு ஒப்புக்கொண்டு, அவர் அதை எழுதிக்கொண்டு ஆளைப் போலீசில் ஒப்படைத்ததாகப் பல வழக்குகள் தொடங்குகின்றன. முன்பின் பழகாத அலுவலரிடம் ஒருவர் ஏன் போய்க் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன. விடை எளிது: அவர் போலீஸ் அதிகாரி அல்ல, 25-ஆம் பிரிவு அவரைத் தடுக்கவில்லை.

அரசு அஞ்சும்போது

தடையைச் சுற்றிப் போவது ஒரு வழி. தடையையே தூக்கிவிடுவது இன்னொன்று. 1987-இல் வந்த தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கச் சொன்னது. 1861-இலிருந்து இருந்த தடை, பயங்கரவாத வழக்குகளில் மட்டும் நீங்கியது. 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்தப் பிரிவு செல்லும் என்றனர், இருவர் மறுத்தனர். உயர் அதிகாரி தவறு செய்ய மாட்டார் என்ற நம்பிக்கை, 1855 அறிக்கையில் ஐரோப்பிய அதிகாரிக்குக் கிடைத்த அதே சலுகையின் புதிய வடிவம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இந்தப் பிரிவின் எடை முழுதாகத் தெரிந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்து, மூவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, பத்தொன்பது பேரை விடுவித்தது. தடா குற்றமே இதில் நிரூபிக்கப்படவில்லை என்றும் அது கூறியது. ஆனாலும் தடாவின்கீழ் எடுத்த வாக்குமூலங்களை மற்றக் குற்றங்களுக்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாம் என்றது.

மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது பத்தொன்பது. அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு பேட்டரிகள் வெடிகுண்டில் பயன்பட்டன என்பது குற்றச்சாட்டு. எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்பது தெரியாது என அவர் கூறியதைத் தாம் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி ஓய்வுபெற்ற பின் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். தூக்கு மேடையின் அருகே வரை ஒருவரைக் கொண்டுபோன காகிதத்தில் எழுதாமல் விடப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். ஆனால் அந்த விடுதலைக்கு அடிப்படை, தமிழக அமைச்சரவையின் பரிந்துரை மீது ஆளுநர் காட்டிய தாமதம். விடுபட்ட வாக்கியத்தின் கதி என்ன என்பதற்குத் தீர்ப்பு எதுவும் இல்லை.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இலேயே இந்த வழியில் போய்விட்டது. உதவிக் காவல் அத்தியட்சகர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் அங்கே செல்லும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் கைதியின் தலையிலேயே விழுகிறது. நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழருக்கு 1995-இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாகக் குறைந்தது. வழக்கின் அடித்தளம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒப்புதல். அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர் ஒரு போலீஸ்காரர். கீழே பெருவிரல் ரேகை. 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று முடிவுசெய்தது. 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வகைசெய்த ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று கூறி மனுவைத் தள்ளியது.

அடி இல்லாமலே

இதெல்லாம் பயங்கரவாதமும் போரும் நிலவிய காலத்துச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. 1989 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். பதினான்கு முதல் பதினாறு வயது வரையுள்ள ஐந்து சிறுவர்கள் பிடிபட்டார்கள். நீண்ட நேர விசாரணைக்குப் பிறகு நால்வர் வீடியோ கேமரா முன்னால் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் கதை இன்னொருவர் கதையோடு ஒத்துப்போகவில்லை. கிடைத்த டி.என்.ஏ. ஐவரில் யாருடையதும் இல்லை. ஜூரிகள் டி.என்.ஏ.வை விட்டுவிட்டு வீடியோவை நம்பினார்கள். 2002-இல் சிறையிலிருந்த வேறொருவர் தாம் தனியாகச் செய்ததாகச் சொன்னார், டி.என்.ஏ. அவருடன் பொருந்தியது. ஐவர் மீதான தண்டனையும் ரத்தானது.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட், டி.என்.ஏ. சோதனையால் பின்னர் குற்றமற்றவர் என உறுதியானவர்களின் பொய் ஒப்புதல்கள் நாற்பதை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய எல்லா ஒப்புதல்களிலும், செய்தவருக்கும் போலீசுக்கும் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய நுணுக்கமான விவரங்கள் இருந்தன. குற்றம் செய்யாதவருக்கு அவை எப்படித் தெரிந்தன? விசாரணையின்போது போலீசே தெரிந்தோ தெரியாமலோ கேள்விகளோடு சேர்த்து ஊட்டியிருக்க வேண்டும். நீதிபதிக்கு அந்த விவரங்களே நம்பிக்கையின் ஊற்றாகத் தெரியும். பியத்தக்கோவ் சொன்ன கார்ப் பயண நேரம்கூட அப்படி ஒரு விவரம்தான். பொய் ஒப்புதல் வெறுமையாக வருவதில்லை. விசாரிப்பவருக்குத் தெரிந்த உண்மையின் துண்டுகளை அணிந்துகொண்டு வருகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நகைத் திருட்டில் இரண்டு தட்டு தட்டியதும் நகை கிடைத்துவிடுகிறதே, அது உண்மையில்லையா என்று எந்தக் காவல்நிலையத்திலும் கேட்பார்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் உண்மையை உறுதிசெய்தது நகை, அடி அல்ல. அதே அடி நகை எடுக்காதவருக்கும் விழுகிறது, அவரும் ஏதோ ஓர் இடத்தைச் சொல்கிறார், தேடிப் போனால் நகை இல்லை, மறுபடி அடி விழுகிறது. இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டும் திறன் வலிக்கு இல்லை. பிரிப்பது எப்போதும் வெளியே இருக்கும் ஏதோ ஒன்று. சோவியத் அரசும் இதை அறியாமலில்லை. கைதிகள் மீது ‘உடல்ரீதியான நெருக்கடி’ கட்சியின் அனுமதியோடுதான் நடக்கிறது என்று 1939 ஜனவரியில் ஸ்டாலின் மாகாணத் தலைவர்களுக்குத் தந்தி அனுப்பியபோது, அது சங்கேத மொழியில் போனது. முறை சரியானது என்று தந்தி வாதிட்டது. அந்த வாதத்தைப் பகிரங்கமாக வைக்க முடியவில்லை.

பதிவேடு யாருடையது

மாஸ்கோ நீதிமன்றத்தின் கை ஷெல்லர் நிலையப் பதிவேட்டுக்கு எட்டவில்லை. நியூயார்க் போலீசால் டி.என்.ஏ.விடம் ஒப்புதல் வாங்க முடியவில்லை. பொய் அம்பலமான இந்த வழக்குகளில், அதிகாரத்தின் பிடிக்குள் வராத இன்னொரு பதிவு இருந்திருக்கிறது. இதில் ஆறுதலைவிடக் கவலைக்கே இடம் அதிகம். அப்படி வேறு பதிவே இல்லாத வழக்குகள் எத்தனை என்று எண்ண வழியில்லை. அவற்றில் அதிகாரம் எழுதியதுதான் இன்றும் உண்மையாகக் கோப்பில் இருக்கிறது. டி.என்.ஏ. கிடைக்காத குற்றங்களில் ஒப்புதல் கொடுத்தவர்கள், சாட்சி சொல்ல ஆளில்லாத ஊர்களில் அண்ணாந்தாளில் நின்றவர்கள் ஆகியோரின் கணக்கு எந்த ஆய்விலும் வராது.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்கு ஒரு தந்தையும் மகனும் கொண்டுசெல்லப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அருகிலிருந்த கடை ஒன்றின் கேமராவில் அப்படி எதுவும் இல்லை. மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவின் பேரில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்துக்குள் இருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவுகளைத் தேடினார். வட்டில் இடம் நிறைய இருந்தும், ஒவ்வொரு நாள் பதிவும் தானாக அழிந்துவிடும்படி கருவி அமைக்கப்பட்டிருந்ததைத் தம் அறிக்கையில் எழுதினார். அரசு தன் கையில் வைத்திருந்த பதிவு அழிந்தது, கடைக்காரரின் பதிவு எஞ்சியது. நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைச் சொன்னார்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமராக்களைப் பொருத்த ஆணையிட்டது. பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களில், பழைய 25, 26, 27 பிரிவுகள் பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்குள் ஒன்றாக வந்திருக்கின்றன. தேடுதலையும் பறிமுதலையும் ஒளிப்பதிவு செய்வது கட்டாயமாகியிருக்கிறது. மகஜர் சாட்சிகள் பிறழ்ந்தாலும் செல்போன் கேமரா பிறழாது என்பது எதிர்பார்ப்பு. அந்த ஒளிப்பதிவைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பறிமுதல் செய்யும் அதிகாரியே. நிலையத்துக் கேமராக்களுக்கு மாவட்ட, மாநில அளவில் மேற்பார்வைக் குழுக்கள் அமைக்கச் சொன்ன சைனி தீர்ப்பு, அவை ஒழுங்காக ஓடுவதையும் பதிவாவதையும் பராமரிப்பையும் ஒருவரின் பொறுப்பில் விட்டிருக்கிறது. அவர் அந்தந்த நிலையத்தின் பொறுப்பு அதிகாரி.